பதினாலாம் வீட்டுச் சபாபதி

துறைமுக வாசலில் காவல்காரன் கையை நீட்டும்போதெல்லாம் சபாபதியின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். இருபத்தாறு வருடமாகக் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். ஒரு நாளைக்கு மூன்று நடை, சில நாள் நாலு. ஒவ்வொரு நடைக்கும் ஐசியை, அதாவது அடையாள அட்டையை, எடுத்து நீட்ட வேண்டும். வாங்கியவன் படத்தைப் பார்ப்பான், முகத்தைப் பார்ப்பான், திருப்பிக் கொடுப்பான். அது முடியும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. கூட ஓட்டுகிறவர்கள் அதை ரத்தக் கொதிப்பு என்றார்கள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரும் அப்படித்தான் நினைத்தார்.

கொதிப்பு வேறு. அந்த ஐசியில் இருந்த பெயர் அவருடையது இல்லை.

டெங்கில் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் அவர் பிறந்தார். பிறந்த அன்றே தாய் போய்விட்டாள். இழவு வீட்டில் பிள்ளையைப் பதிய யாருக்கு ஞாபகம் வரும்? நாள் கழிந்தது, வருடம் கழிந்தது, பிறகு போய்க் கேட்க அப்பாவுக்குப் பயம். அடுத்த வீட்டில் பெரியப்பா. பெரியப்பாவுக்கு ஒரே மகன், இவரைவிட ஒரு வயது மூத்தவன், பெயர் சபாபதி. பதினோரு வயதில் ஈயம் தோண்டிப் போட்ட குட்டையில் மூழ்கிப் போனான். போலீஸ் வரும், கேள்வி வரும் என்று அன்று சாயங்காலமே புதைத்தார்கள். சாவை எங்கும் பதியவில்லை. மூன்று மாதம் கழித்துப் பெரியம்மா வந்து, செத்தவனின் பிறப்புப் பத்திரத்தை, அவர்கள் பேச்சில் சூராட்டை, அப்பாவின் கையில் வைத்துவிட்டுப் போனாள். “இவனாச்சும் ஆளாகட்டும்” என்றாள். பன்னிரண்டு வயதில் அந்தப் பத்திரத்தைக் காட்டி இவருக்கு ஐசி எடுத்தார்கள். பெரியப்பா, பெரியம்மா, அப்பா, வரிசையாகப் போய்ச் சேர்ந்தார்கள். லயத்து வரிசை வீடுகளை இடித்தார்கள், சனங்கள் திசைக்கொருவராகப் போனார்கள். மனைவி குமுதாவுக்குத் தெரியாது. மகள் வாணிக்குத் தெரியாது. ஊர் எது என்று கேட்டால்கூடக் காஜாங் பக்கம் என்றுதான் சொல்லி வைத்திருந்தார்.

அப்படி மூடி வைத்திருந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றுக்குப் பிறகு, சிரிப்பும் கும்மாளமுமாகத் திறந்துகொண்டது.

“அப்பா, இங்க வாங்களேன்! கம்ப்யூட்டர்ல நீங்க பேயா அலையிறீங்க!”

வாணிக்கு இருபத்து மூன்று வயது. சுபாங் ஜெயாவில் ஒரு கம்பெனியில், கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் போனில் வழி சொல்கிற வேலை. அந்த வேலையை முடித்துவிட்டு வந்து வீட்டிலும் கம்ப்யூட்டர்தான். சின்ன வயதில் கிள்ளானில் தீபாவளிக் கடையில் அழுது வாங்கிய ஒரு விளையாட்டு. ‘பெரட்டு’ என்று பெயர். தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை வரிசையில் நிறுத்திக் கணக்கெடுப்பதற்குப் பெரட்டு என்பார்கள். விளையாடுகிறவர்தான் கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. இருநூற்றுச் சொச்சம் ஆட்களுக்கு வேலை பிரித்துக் கொடுக்க வேண்டும், அரிசி அளக்க வேண்டும், சண்டை தீர்க்க வேண்டும். மகள் மணிக்கணக்காக அதன் முன்னால் உட்கார்ந்திருந்ததைச் சபாபதி பார்த்திருக்கிறார். எட்டிப் பார்த்ததில்லை. ரப்பர் மரம் படத்தில் வந்தாலே வேறு பக்கம் திரும்பிக்கொள்கிற மனிதர்.

“என்னாம்மா பேயி?” என்று வந்து நின்றார்.

“இது பழைய கேமுப்பா. புதுக் கம்ப்யூட்டர்ல ஓட மாட்டேங்குது. செஞ்சவரு பேரு குரு. பிரிக்பீல்ட்ஸ்ல பூக்கடைக்கு மேல கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வச்சிருக்காரு. ஒத்த ஆளா சமாளிக்க முடியலன்னு உள்ளுக்குள்ள இருக்கிற கோட் மொத்தத்தையும் எங்ககிட்ட குடுத்துட்டாரு. நாங்க எட்டுப் பேரு. விளையாடி வளந்தவங்க. சும்மாதான் செய்யிறோம். எங்கெங்க ஓட்ட இருக்கோ அங்கங்க பேட்ச் போடுறோம்.”

“டயருக்கு ஒட்டுற மாதிரி.”

“அதேதான்! பாருங்க, எங்கப்பாக்கு எவ்ளோ அறிவு.” அவள் திரையைக் காட்டினாள். “இதான் பெரிய பக்கு, கோளாறு. இருவது வருஷமா எல்லாரும் சிரிக்கிறது. பதினாலாம் வீட்டுல ஒரு பையன். பேரு சபாபதி. செஞ்சவரோட அப்பா சொன்ன கதைப்படி ஒரு நாளு கொளத்துல விழுந்து செத்துருவான். மறுநாள் காலைல பெரட்டுல பேரு கூப்பிட்டா, பதினஞ்சாம் வீட்டுலேருந்து எந்திரிச்சு வருவான். ‘பேய் சபா’ன்னு பேரே வச்சாச்சு. இன்னிக்குத்தான் எனக்குப் புடிபட்டுச்சு. ரெண்டு வீட்டுலயும் ஒரே நம்பரு!”

சபாபதியின் கை நாற்காலியின் முதுகைப் பிடித்தது.

“என்னா நம்பரு?”

“குரு அங்கிளோட அப்பா நெஜத் தோட்டத்துல கிராணியா இருந்தவராம். கமலநாதன்னு பேரு. அவரு எழுதுன வீட்டு ரெஜிஸ்தர அப்படியே பாத்து டைப் பண்ணியிருக்காரு. ஒவ்வொரு ஆளுக்கும் வேற வேற நம்பர் வேணும்ல, அதுக்கு அவங்கவங்க பொறந்த சூராட் நம்பரையே போட்டுட்டாரு. பைத்தியக்கார வேலை. ஆனா யோசிச்சா புத்திசாலித்தனம்தான். ரெண்டு பேருக்கு ஒரே சூராட் இருக்காதுல்ல?”

திரையில் ஓர் எழுத்தும் ஆறு இலக்கமும் இருந்தன. சபாபதிக்கு அதைக் கூட்டிப் படிக்கத் தேவையே இருக்கவில்லை. தன் லோரியின் எண்ணை மறந்தாலும் அதை மறக்க மாட்டார்.

“வர்ற ஞாயித்துக்கிழம எல்லாத்தையும் தொறந்து விடுறோம்ப்பா. கோட், ரெஜிஸ்தரு, எல்லாம். உலகத்துல எவன் வேணும்னாலும் எடுத்துப் பாக்கலாம்.”

“எவன் வேணும்னாலும்னா… கவுமெண்டுமா?”

வாணி சிரித்தாள். “ஆமா, கவுமெண்டுக்கு வேற வேலை இல்ல பாருங்க. எதுக்குப்பா மூஞ்சி இப்படிப் போவுது? உங்க பேருல பேய் இருக்கேன்னா? ஊர்ல ஆயிரம் சபாபதி இருப்பாங்க லா.”

அன்று குமுதா கடைக்குப் போன நேரம் பார்த்து அவர் அலமாரியைத் திறந்தார். துணிகளுக்கு அடியில் பிளாஸ்டிக் உறை. அதில் அந்தப் பத்திரம், மடித்த இடத்தில் பிய்ந்துபோய். எடுத்துச் சட்டைக்குள் செருகினார். இந்த வீட்டில் வைத்திருந்தால் வாணி ஒரு நாள் பார்ப்பாள், அவளுக்குத்தான் எண் எல்லாம் கண்ணில் ஒட்டுமே. மறுநாள் லோரி இருக்கைக்கு அடியில், பழைய விரிப்புக்குக் கீழே வைத்தார். வைத்த பிறகு இன்னும் மோசமாகிவிட்டது. ரோட்டில் போலீஸ் நிறுத்தினால்? லோரியை வேறு ஆள் எடுத்தால்? செவ்வாய்க்கிழமை ஷா ஆலாம் சாலையோரத்தில் வண்டியை நிறுத்தி, இருக்கையைத் தூக்கி, பத்திரம் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்த்தார். பின்னால் வந்தவன் ஹார்ன் அடித்து மலாயில் திட்டிவிட்டுப் போனான்.

மனசு ஓர் இடத்தில் நிற்கவில்லை. அந்த எண் வெளியே வரும். தோட்டத்தில் இருந்த எவனாவது பார்ப்பான். ‘அட, பதினாலாம் வீட்டுப் பையன் செத்துட்டானே, அவன் சூராட்ல இப்ப யாரு இருக்கான்?’ என்று ஒருத்தன் கேட்டால் போதும். ஐசி போகும், லைசென்ஸ் போகும். நாற்பத்தொன்பது வயதில், எந்த நாட்டிலும் பேரில்லாத ஆளாக நிற்க வேண்டும். அப்பன் பேப்பர் பொய்யென்றால் பிள்ளை பேப்பர் என்ன ஆகும்? அந்தச் சட்டம் அவருக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாமென்றால், கேட்பதே மாட்டிக்கொள்வது. வாணியின் ஐசியையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்றே அவருக்குப் பட்டது. புதன்கிழமை துறைமுக வாசலில் புதுக் காவல்காரன் ஐசியை வாங்கிக்கொண்டு, யாருடனோ போன் பேசியபடி ஒரு நிமிடம் அப்படியே கையில் வைத்திருந்தான். சபாபதி ஜன்னலுக்கு வெளியே நீட்டிய கையை மடக்கவே இல்லை.

வியாழக்கிழமை இரண்டு நடையோடு நிறுத்திக்கொண்டார். கோலாலம்பூரில் ஒரு வேலை என்று குமுதாவுக்குப் போன் செய்துவிட்டுக் கொமுட்டர் ரயிலில் ஏறினார். வாணிக்கு வியாழக்கிழமை ஓவர்டைம், வீடு வர எட்டு மணி ஆகும், நல்லதாகப் போயிற்று.

பூக்கடை வாசலில் மல்லிகையும் சாமந்தியும் நனைந்து கிடந்தன. பக்கத்தில் குறுகலான படி. மேலே போனால் ஓர் அறை, பிரித்துப் போட்ட கம்ப்யூட்டர்கள், நடுவில் தடித்த கண்ணாடி போட்ட ஒருவர்.

“வாங்கண்ணே. லேப்டாப்பா, பிரிண்டரா?”

“பெரட்டு.”

குருவின் முகம் மலர்ந்துவிட்டது. “நீங்க விளையாடுவீங்களா? உக்காருங்கண்ணே! இந்த வயசுல ஒரு ரசிகரு படியேறி வந்தது நீங்கதான்.”

“வெளையாட்டுக்கு வரல.” வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததை அவர் ஒப்பித்தார். “எனக்குத் தெரிஞ்சவங்க பேரு அதுல வருது. நம்பரும் வருது. அந்த நம்பர எடுத்துடணும்.”

“யாரு பேரு?”

“சபாபதி.”

“எந்திரிச்சு வர்றவனா!” குரு தொடையில் தட்டிச் சிரித்தார். “அண்ணே, அவனாலதான் என் கேமே ஓடுச்சு. எடுக்க முடியாதுண்ணே. அந்த நம்பருலதான் எல்லாமே தொங்குது. வீடு, அரிசி, அம்மா அப்பா, எல்லாம். பசங்க ரெண்டு மாசத்துக்கு முன்ன எல்லா நம்பரையும் மாத்திப் பாத்தாங்க. மறுநாள் தோட்டத்துப் பிள்ளைங்க எல்லாம் வேற வேற ஆத்தா வீட்டுல போயி சோறு கேக்குது. அப்படியே பழசுக்குத் திருப்பிட்டோம்.” பிறகுதான் அவருக்கு உறைத்தது. “இருங்க. தெரிஞ்சவங்கன்னா… நீங்க அந்தத் தோட்டமா?”

சபாபதி வாயைத் திறப்பதற்குள் குரு எழுந்து போய், பிளாஸ்டிக் சுற்றிய இரண்டு பெரிய ஏடுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். நீல மையில், கம்பி இழுத்த மாதிரி நேரான எழுத்து.

“எங்கப்பா கையெழுத்து. நான் சின்னதுலயே காஜாங்குல அத்தை வீட்டுல படிக்கப் போயிட்டேன், தோட்டத்துல யாரையும் தெரியாது. எத்தன வருஷமா ஒரு ஆளாச்சும் வர மாட்டாங்களான்னு பாத்துக்கிட்டிருக்கேன் தெரியுமா? பயப்படாதீங்க. அந்தப் பேய் விஷயம் முடிஞ்சிடுச்சு. ஒரு பொண்ணு கண்டுபுடிச்சிட்டா. எங்கப்பா ரெண்டாவது ஏட்டுல கை தப்பி அதே நம்பர எழுதிட்டாரு, அவ்வளவுதான். பதினாலாம் வீட்டுலதான் மொதல்ல வருது, அப்பா அம்மா பேரும் சரியா இருக்கு. அதனால அந்தப் பையனுக்கு நம்பரு நிக்கும். பதினஞ்சாம் வீட்டுக்குப் புதுசா ஒண்ணு போட்டாச்சு. ஞாயித்துக்கிழம வெளிய போவுது.”

அப்படியே விட்டுவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்லை. கிராணியின் கை தவறிவிட்டது என்று எட்டுப் பேரும் நம்பிவிட்டார்கள். ஆனால் முப்பத்தேழு வருடமாகப் பயந்த மனிதனுக்கு மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள் என்பதை நம்பத் தெரியாது. அந்த எண் செத்த பையனுக்கு என்று உலகத்துக்கே எழுதி வைக்கப் போகிறார்கள், அதே எண் தன் பத்திரத்தில் இருக்கிறது. அவருக்கு அது மட்டும்தான் கேட்டது.

“இல்ல இல்ல, பதினாலுக்கு வேணாம்” என்று பதறினார். ஏட்டைத் தன் பக்கம் இழுத்தார். விரலை வரிசை வரிசையாக இறக்கி ஓர் இடத்தில் அழுத்தினார். “இது. பதினஞ்சுக்கே இருக்கட்டும். அங்க போட்டுட்டீங்கன்னா பெரிய வம்பாயிடும் தம்பி. தயவு செஞ்சு.”

குரு சிரிப்பதை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

“அண்ணே, யாருக்கு வம்பு?”

சபாபதி விரலை ஏட்டிலிருந்து எடுக்கவில்லை.

“நீங்க எந்த வீடு?”

“பதினஞ்சு.”

“உங்க பேரு?”

“சபாபதி.”

“அப்ப பதினாலு…” என்று ஆரம்பித்த குரு மேலே போகவில்லை. கீழே பூக்கடைக்காரி யாரையோ “மொழம் போதுமா அக்கா?” என்று கேட்கிற சத்தம் மட்டும் ஏறி வந்தது. சபாபதி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தலைக்குள் லோரி இன்ஜின் மாதிரி ஒன்று ஓடியது. தானே வந்து, தானே சொல்லியாகிவிட்டது.

குருவின் குரல் தாழ்ந்தது. “எங்கப்பா ஒரு எழுத்து தப்புனா முழுப் பக்கத்தையும் திருப்பி எழுதுவாரு. கை தப்பிட்டாருன்னு சொல்றப்பெல்லாம் எனக்குள்ள ஒண்ணு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. அவரு தெரிஞ்சேதான் எழுதியிருக்காரு, இல்ல?”

“தெரியும். அவருதான் ஐசிக்கு விண்ணப்பப் பாரமெல்லாம் நெரப்பிக் குடுத்தாரு.”

“கள்ள எழுத்து.” குரு சொல்லிவிட்டு வாசலைப் பார்த்தார். இப்போது அவருக்கும் முகம் வெளுத்திருந்தது. “நான் இத நாலு பேரு பாக்கட்டும், எங்கப்பா பேரு நிக்கட்டும்னு தொறந்து விடுறேன். இது வெளிய வந்தா அவரு பேரு எப்படி நிக்கும்ணே?”

“யாருகிட்டயும் சொல்லிடாதீங்க தம்பி. அந்தப் பொண்ணுகிட்ட முக்கியமா.”

“எந்தப் பொண்ணு?”

“வாணி. என் மக.”

குரு நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “அய்யோ, அண்ணே. அது வியாழக்கிழமயானா இங்கதானே வரும்!”

படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது. ஓவர்டைம் என்று மகளும் பொய் சொல்லியிருந்தாள். சும்மா செய்கிற வேலைக்கு இவ்வளவு தூரம் போகிறாயா என்று அம்மா திட்டுவாளே என்றுதான்.

“அங்கிள், செக் பண்ண ஷார்மைன் ரெடியா இருக்கா, இன்னிக்கே…” என்று பேசிக்கொண்டே உள்ளே வந்தவள் நின்றாள். “அப்பா? நீங்க இங்க என்னா பண்றீங்க?”

வாணி குருவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு ஏட்டைப் பார்த்தாள். அவர் விரல் இன்னும் பதினைந்தாம் வீட்டின் மேலேயே இருந்தது. எடுக்க மறந்திருந்தார்.

“காஜாங்னு சொன்னீங்க” என்றாள்.

“ஆமா.”

“அலமாரில உங்க சூராட்டக் காணோம்னு அம்மா தேடிக்கிட்டிருக்காங்க. இன்சூரன்ஸ் பாரத்துக்கு.” அவள் மெதுவாக உட்கார்ந்தாள். “அப்பா. செத்தது யாரு?”

அவர் சொன்னார். இத்தனை வருடம் மனசுக்குள் எவ்வளவோ நீளமாக இருந்த கதை, வாயால் சொன்னபோது நாலு வார்த்தையில் முடிந்துவிட்டது. “பெரியப்பா மகன். கூட குளிக்கப் போனது நான்தான். அவன் கைய ஆட்டுனான், வெளையாடுறான்னு நெனச்சேன். அப்புறம் பயந்துபோயி மரத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சிக்கிட்டேன். இருட்டுற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.”

வாணி அழவில்லை. அவள் அழுதிருந்தால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியது. அவள் பையிலிருந்து கம்ப்யூட்டரை எடுத்துத் திறந்தாள். வேலைக்கு உட்காருகிற மாதிரி முடியை முடிந்துகொண்டாள்.

“மூணு நாளைக்கு முன்ன நான் பதினஞ்சுக்குப் புது நம்பர் போட்டேன். பதினாலு சரின்னு. அதான் உண்மை, இல்ல?”

“உண்மதான்மா.”

“இப்ப மாத்தணும்னா உடனே மாத்தணும். ஞாயித்துக்கிழமைக்கு அப்புறம் தொட்டா எல்லாரும் பாப்பாங்க. யாரு மாத்துனது, எதுக்கு மாத்துனதுன்னு எழுதியே வைக்கும். சொல்லுங்க. நம்பரு யாருகிட்ட இருக்கணும்?”

குரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சபாபதிக்குத் தெரியும், என்ன சொன்னால் மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம் என்று. அந்த வார்த்தை தொண்டைவரை வந்தது. அங்கே துறைமுகத்துக் காவல்காரனின் நீட்டிய கை இருந்தது. ஐசி இல்லாத ஆட்களை லோரியில் ஏற்றிக்கொண்டு போனதை ஒரு தடவை கோலக் கிள்ளானில் பார்த்திருந்தார். பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாருமே வெளியே பார்க்கவில்லை.

“என்கிட்டயே இருக்கட்டும்” என்றார்.

“அப்ப அவனுக்கு?”

“புதுசா ஒண்ணு குடுத்துடு.”

“ரெண்டாந்தடவயும் அவன்கிட்டேருந்துதானாப்பா?”

அவர் விரலை ஏட்டிலிருந்து எடுத்துக்கொண்டார். வாணி தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள். சின்னச் சின்னச் சத்தம், தகரத்தில் மழை விழத் தொடங்குகிற மாதிரி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

“காரணம் ஒரு வரி கேக்குது” என்றாள். அவள் விரல் நின்றிருந்தது. “என்னா எழுதுறது?”

குரு திரும்பாமலே சொன்னார். “பழைய மாதிரியே எழுது. கிராணி கை தப்பிட்டாருன்னு. மொத ஏட்டுலதான் தப்புன்னு போடு.”

“அங்கிள், உங்கப்பா…”

“எழுது வாணி. அவருகிட்ட எவனும் இனிமே ஐசி கேக்க மாட்டான்.”

அவள் எழுதினாள். எழுதியதை இரண்டாவதாக ஓர் ஆள் பார்த்துச் சரி என்றால்தான் உள்ளே போகும், அது எட்டுப் பேரும் வைத்துக்கொண்ட விதி. எட்டுப் பேரில் ஒருத்தியான ஷார்மைன் சுபாங் ஜெயாவிலிருந்து பார்க்க வேண்டும். மூன்று பேரும் மேசையில் கிடந்த போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அது அதிர்ந்தபோது சபாபதியின் உடம்பு தூக்கிப் போட்டது.

வாணி வாய்விட்டுப் படித்தாள். “‘ஏய், மூணு நாளைக்கு முன்ன பதினாலு கரெக்ட்டுன்னு சொன்ன. இப்ப மாத்துற? அம்மா அப்பா பேரெல்லாம் பதினாலுலதானே கரெக்ட்டா இருக்கு?’”

“கண்டுபுடிச்சிட்டா” என்றார் சபாபதி.

“இருங்கப்பா.” வாணி பதில் அடித்தாள், அடித்ததையும் படித்தாள். “‘குரு அங்கிள் ஏட்ட நேர்ல காட்டுனாரு. கிராணி வீட்ட மாத்தி எழுதிட்டாராம்.’”

போன் சும்மா கிடந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். குரு ஏட்டை மூடினார், பிளாஸ்டிக்கைச் சுற்றினார், ஒட்டுகிற இடம் தெரியாமல் மறுபடி பிரித்தார். சபாபதி ஷார்மைன் என்கிற அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்துக்கொண்டார். இப்போது அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பதினாலு, பதினைந்து, ஒரே பெயர், ஒரே எண், ஒருவன் செத்தான். கூட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்?

அதிர்ந்தது.

“‘ஓகே லா’” என்று படித்தாள் வாணி. குரல் தட்டையாக இருந்தது. “‘கிராணி தாத்தா நம்மள நல்லா சுத்த விட்டுட்டாரு. அப்ரூவ் பண்ணிட்டேன். பேய் ஒழிஞ்சுது.’ சிரிக்கிற பொம்மை மூணு போட்டிருக்கா.”

குரு முகத்தைத் துடைத்துக்கொண்டார். “போயிட்டு வாங்கண்ணே” என்றார். படிவரை கூடவே வந்தார். பிறகு, “ஞாயித்துக்கிழம வர வேணாம்” என்று மட்டும் சொன்னார்.

திரும்பும்போது கொமுட்டரில் வேலை முடிந்த கூட்டம். இடம் கிடைக்கவில்லை. அப்பாவும் மகளும் ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுபாங் ஜெயா தாண்டியதும் வாணி கேட்டாள்:

“உங்க நெஜப் பேரு என்னா?”

அவர் சுற்றிலும் பார்த்தார். ஒரு மலாய்க்காரப் பெண் தூங்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சீனப் பையன்கள் போனில் ஏதோ பார்த்தார்கள். கதவோரத்தில் ஒரு தமிழ் ஆள், சீருடை போட்டவன். எந்தச் சீருடை என்று தெரியவில்லை.

“வீட்டுக்குப் போயி சொல்றேன்.”

கிள்ளானில் இறங்கி நடந்தபோது அவள் மறுபடி கேட்கவில்லை. இரண்டடி முன்னால் நடந்தாள். எப்போதும் அவர் பக்கத்தில் வருகிறவள்.

வீட்டில் குமுதா நெத்திலி வதக்கிக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரும் ஒண்ணா வர்றீங்க, அதிசயமா இருக்கு” என்று அடுப்படியிலிருந்தே சத்தம் கொடுத்தாள். “என்னாங்க, உங்க சூராட்ட எங்க வச்சீங்க? காலைலேருந்து தேடுறேன்.”

“லோரில இருக்கு.”

“லோரிலயா! சூராட்ட எவனாச்சும் லோரில வைப்பானா?”

வாணி கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து அவரையே பார்த்தாள். கேட்க மாட்டாள். சொல்லாவிட்டால் இனி எதையுமே கேட்க மாட்டாள். அது அவருக்கு அந்தப் பார்வையில் தெரிந்தது. குட்டையில் ஆடிய கை, ஒளிந்திருந்த மரம், மூடிய வாய், இத்தனைக்கும் மேல் இதுவும் சேர்ந்துவிடும் என்று தோன்றியது. அவர் குனிந்து அவள் காதுக்குப் பக்கத்தில் போனார். அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டு முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. நாக்கு புரளவில்லை. முதலில் காற்றுதான் வந்தது.

“பரமேஸ்வரன்.”

“பரமேஸ்வரன்” என்றாள் வாணி. மெதுவாகச் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. எல்லாருடைய பெயரையும் சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றது.

“யாருடி அது, பரமேஸ்வரன்?” என்று கேட்டாள் குமுதா.